ஜெயகௌரிக்குப் போய்ச் சேராத பதில்

குடியை விட நினைப்பவர்கள் வந்து தங்கும் மடம் அது. நடத்துகிறவர் உமையாள் அம்மை. கம்ப்யூட்டர் வேலையும் வாசல் காவலும் தாண்டவமூர்த்தியின் பொறுப்பு. அம்மையைவிடப் பத்து வயது மூத்த சீடர். கெட்டிக்காரர், அதை அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

போன வாரம் மடத்தின் வெப்சைட்டையும் மெயிலையும் புது சர்வருக்கு மாற்றினார். பக்கங்கள் பளிச்சென்று திறந்தன. மனிதர் சட்டை போடுவதில்லை. போட்டிருந்தால் காலரைத் தூக்கிவிட்டிருப்பார்.

ஜெயகௌரி என்றொரு பெண் கணவனுக்கு இடம் கேட்டு எழுதியிருந்தாள். "வருகிறேன் என்று இப்போதுதான் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த மனசு எத்தனை நாள் நிற்குமோ. போன் செய்யாதீர்கள், அவர் எடுத்தால் காரியம் கெட்டுவிடும். மெயிலில் மட்டும் சொல்லுங்கள்."

"இடம் இருக்கிறது, உடனே அழைத்து வாருங்கள்" என்று தாண்டவமூர்த்தி மூன்று முறை எழுதினார். பதிலும் இல்லை, ஆளும் இல்லை. சந்தேகப்பட்டு, மடத்திலிருந்து தன் சொந்த முகவரிக்கே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தார். அது ஸ்பாமில் போய் விழுந்திருந்தது.

அம்மையிடம் வந்து கொதித்தார்.

"அநியாயம் அம்மா! பேர் நம்ம பேர், விஷயம் சத்தியம். போலி மெயிலாம், குப்பையில தள்ளுறானுங்க. உண்மைக்குக் காலமே இல்ல."

அம்மை உள்ளே போய் ஒரு தூக்குச்சட்டியை எடுத்து வந்தார். மத்தியானம் வாசலில் ஒருவர் வைத்துவிட்டுப் போனது. அதிலிருந்த எலுமிச்சம்பழச் சோற்றை இலையில் போட்டார்.

"சாப்பிடுங்க மூர்த்தி."

"இது இங்க தங்கியிருக்கிற வீரபாகுவுக்கு வந்ததாச்சே! நான்தான் உள்ள விடல."

"ஏன்?"

"நம்ம வழக்கம் தெரியாதா அம்மா? சோத்துக்கு அடியில பாட்டிலை வச்சுக் கொண்டுவர்றவன் எத்தனை பேர்! அந்த வீட்டுலேருந்து எப்பவும் மச்சான்தான் வருவார். இவர் யாரோ புது ஆள். சம்சாரம் கொடுத்தனுப்பினாங்கன்னு சொன்னார்."

"நான் அந்தம்மாகிட்ட போன்ல கேட்டேன். அவங்க அனுப்பினதுதான். பாட்டிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவர் சொன்னது சத்தியம்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? ஆளை மாத்தினா வீட்டுக்காரங்க முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டாமா? சொல்லாம அனுப்பிட்டு என்னைக் குத்தம் சொன்னா..."

வாயருகே போன கை அப்படியே நின்றது.

"ஐயோ" என்றார்.

இலையை விட்டு எழுந்து ஓடினார். மடத்தின் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு உரிமை உண்டு என்று இணையத்தில் ஒரு பதிவு இருக்கும். மெயிலை வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் நம்புவார்கள். அதில் இன்னமும் பழைய சர்வர்தான் இருந்தது. சர்வரை மாற்றிய கெட்டிக்காரர் அதைத் தொடவே இல்லை. புது சர்வரை அதில் சேர்த்தார். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி சோதித்தார். ஸ்பாமுக்குப் போகவில்லை. ஜெயகௌரிக்கு நான்காம் முறையாக எழுதினார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பதில் வந்தது.

"நீங்களும் கைவிட்டுவிட்டீர்கள் என்று நினைத்து அழுதேன். காத்திருந்து பார்த்துவிட்டு அவர் நேற்று மறுபடியும் குடித்துவிட்டார். கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். காலையில் அழைத்து வருகிறேன்."

தாண்டவமூர்த்தி அதை அம்மையிடம் படித்துக் காட்டினார்.

"கைவிட்டுட்டோம்னு நினைச்சிருக்காங்களே அம்மா! மூணு தடவை எழுதியிருக்கேன். காலையில வந்ததும் இந்த சர்வர் விஷயத்தை அவங்களுக்கு விளக்கமா சொல்லிடட்டுமா?"

"வேண்டாம் மூர்த்தி. நீங்க மூணு தடவை எழுதினீங்க. அந்தப் பொண்ணுக்கு வந்து சேர்ந்தது நம்ம மௌனம். அதுக்கு மன்னிப்புக் கேளுங்க, போதும்."