எதுவும் அனுப்பாத இழை

"ரூபவதி மறுபடி ஆய்வகத்துக்குள் வந்தால், நான் ஆராய்ச்சியையே விட்டுவிட்டுப் போகிறேன், மேடம்."

இளங்கீரன் கதவைத் தட்டவில்லை. நேராக உள்ளே வந்து கத்தினான்.

பேராசிரியர் சண்முகவடிவு நிமிர்ந்தார். "அப்படி என்ன செய்துவிட்டாள்?"

"எண்களைக் கூட்டிப் போட்டிருக்கிறாள்."

கண்ணாடி இழைக்குள் நெடுந்தூரம் ஓடிக் களைத்த ஒளிக்குப் பலம் ஏற்றும் பெருக்கியைப் பற்றியது அவர்கள் ஆராய்ச்சி. இளங்கீரன் நிரல் எழுதி அதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தான். ரூபவதி மேசைமேல் நிஜமாகவே கட்டி அளந்தாள். இரண்டும் ஒத்துவரவில்லை. அவன் கொடுத்த புகாரால் துறைத் தலைவர் அவளை ஆய்வகத்துக்குள் விடாமல் நிறுத்தி வைத்திருந்தார்.

"உள்ளே போகும் ஒளியை எவ்வளவு குறைத்தாலும், அவள் அளவில் வெளியே வருவது ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கமாட்டேன் என்கிறது. மிச்சம் எங்கிருந்து வரும்? அவள் அப்பன் வீட்டிலிருந்தா?"

பேராசிரியரின் முகம் இறுகியது.

"உன் நிரலில், உள்ளே பூஜ்யம் கொடு."

"ஒளியே அனுப்பாமலா?"

"கொடு."

மடிக்கணினியைத் திறந்து கொடுத்தான். வெளியேயும் பூஜ்யம்.

"வேறென்ன வரும்?" என்றான்.

"வா."

ஆய்வகத்தில் ரூபவதியின் கருவிகள் கிட்டத்தட்ட அவள் விட்டுப்போனபடியே இருந்தன. ஒளி நுழையும் முனையைப் பேராசிரியர் கழற்றி மூடினார். இழைக்கு ஆற்றல் ஊட்டும் லேசரை மட்டும் போட்டார்.

வெளியே வரும் ஒளியை அளக்கும் மீட்டரில் எண் எழுந்தது.

இளங்கீரன் அறை விளக்குகளை அணைத்தான். எண் அசையவில்லை. கறுப்புத் துணியை எடுத்துப் போர்த்தினான். அசையவில்லை.

"மீட்டரையும் கெடுத்து வைத்திருக்கிறாள்!" மேசையில் ஓங்கிக் குத்தினான்.

"இது பக்கத்துத் துறை மீட்டர். காலையில் நான் கேட்டு வாங்கி வந்து பொருத்தியது."

"அப்படியானால் லேசர் ஒளிதான் கசிகிறது."

"அதைத் தடுக்க நடுவில் வடிகட்டி இருக்கிறது. பொருத்தியது யார்?"

அவன்தான்.

"லேசரை அணை."

எண் விழுந்தது.

"போடு."

எழுந்தது.

துணியை விலக்கி, சுருண்டு கிடந்த இழையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இழை தானாகவே ஒளிர்கிறது," என்றான். குரல் இறங்கியிருந்தது.

"உன் நிரலில் அது எங்கே?"

"விட்டுவிட்டேன். சேர்த்தால் ஓடி முடிக்க ரொம்ப நேரம் எடுக்கிறது."

"ரூபவதி இதை உன்னிடம் சொன்னாளா, இல்லையா?"

"சொல்ல வந்தாள். நான் பேச விடவில்லை."

லேசரைப் பேராசிரியர் அணைத்தார்.

இளங்கீரன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். "இப்போதே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன், மேடம்."

"கருத்தரங்க அறையில் அத்தனை பேர் முன்னாலும் அவளைப் பித்தலாட்டக்காரி என்றாயே," என்றார் அவர். "அதைப் போனிலா சொன்னாய்?"