காவல் கிருமியைக் கொன்ற எருமை

காட்டுக் குளத்தங்கரையில் கறுப்பி என்றோர் எருமை இருந்தது. அதற்குப் புதிதாய் ஒரு கன்று. பால் குடிக்கும்போது கன்றின் பல் பட்டு, காம்பில் சின்னதாய் ஒரு வெடிப்பு. அன்றிலிருந்து கறுப்பிக்கு ஓயாத கவலை. கவலைப்படுவதில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளில்லை. இலை அசைந்தாலும் புலி என்று நினைக்கும்.

அந்தக் காம்பின் தோலில் மெல்லி என்ற கிருமி தன் கூட்டத்தோடு வெகுகாலமாய்க் குடியிருந்தது. ஒருநாள் அது சொன்னது:

"அக்கா, வெடிப்புக்குள்ள புதுக் கிருமிங்க வந்து ஒளிஞ்சிருக்கு."

"ஐயோ, என் கன்னுக்குப் பால் இல்லாம போயிடுமே. அதுங்க என்ன பண்ணும்?"

"ஒவ்வொண்ணும் ஒரு புரதத் துணுக்கை வெளிய விடும். அதுதான் அதுங்களோட பேச்சு. சுத்திலும் துணுக்கு நிறைஞ்சா, நாம நிறையப் பேர் சேர்ந்துட்டோம்னு தெரிஞ்சுக்கும். அப்புறம் எல்லாம் ஒண்ணா விஷத்தைக் கக்கும்."

"சேர்ந்துட்டா?"

"சேர்ந்தாலும் அதுங்களுக்குத் தெரியாது. நாங்களும் அதே மாதிரி ஒரு துணுக்கை விடறோம். அது போய் அதுங்க காதை அடைச்சிடும். வெடிப்பு ஆறுற வரைக்கும் நாங்க பார்த்துக்கறோம். நீங்க பதறாம இருந்தாப் போதும்."

பதறாதே என்றால் கறுப்பி கேட்குமா?

"நீயும் கிருமி, அதுவும் கிருமி. எனக்கு ஒண்ணுமே வேண்டாம்" என்றது.

குளத்தின் மறுகரையில் சுண்ணாம்புச் சேறு கிடந்தது. பட்டாலே எரியும். கறுப்பி நேரே போய் மடி முழுக அதில் படுத்துப் புரண்டது.

"அக்கா, எழுந்திருங்க! நாங்கதான் சாகறோம். அதுங்க உள்ள பத்திரமா இருக்கு" என்று மெல்லி கதறியது. பிறகு அதன் குரல் கேட்கவில்லை.

கறுப்பிக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. கன்றை ஆசையாய் நக்கிக் கொடுத்தது.

வெடிப்புக்குள் இருந்தவற்றுக்கோ முதல் முறையாகத் தங்கள் கூட்டத்தின் பேச்சு தெளிவாய்க் கேட்டது.

"அடேயப்பா, நாம இத்தனை பேரா?" என்றது ஒன்று.

"அப்புறம் எதுக்குக் காத்துக்கிட்டிருக்கோம்?" என்றது இன்னொன்று.

பொழுது சாய்வதற்குள் மடி வீங்கி இறுகிப்போனது. பால் திரிந்து, இரத்தம் கலந்து சொட்டியது. பசியோடு ஓடிவந்த கன்று காம்பில் வாய் வைத்ததும், வலி தாங்காமல் கறுப்பி அதை எட்டி உதைத்தது. கன்று தள்ளிப் போய் விழுந்தது. தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல், தாயைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது.

பயத்தில் பகைவர் யார், காவல் யார் என்று பாராமல் எல்லோரையும் விரட்டுகிறவர், பகைவருக்கே கதவைத் திறந்துவிடுகிறார்.