மூன்று நாள் நீளம்

செழுவூரை ஆண்ட வீரகேது மன்னருக்கு வீரம் உண்டு, தாராள மனசு உண்டு. பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது. அப்படிப்பட்டவருக்குக் காலத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை வந்துவிட்டது. சிற்பி காடனை அழைத்து, வெண்கலத்திலும் கண்ணாடியிலும் காலத்தைச் செய்து தரச் சொன்னார்.

பாவம், காடன் ஒரு வருடம் உழைத்தான். வெண்கலத்தில் சக்கரம் வார்த்தான். அதன் விளிம்பில் கண்ணாடியை உருக்கி ஊற்றி, சூளைக்குள் வைத்து மூடினான். மூடிய கை ஓய்வதற்குள் மன்னர் பரிவாரத்தோடு வந்து நின்றார்.

"திற!"

"அரசே, கண்ணாடி மெல்ல ஆற வேண்டும். மூன்று நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது காற்றுப் பட்டால் வெடித்துவிடும்."

அமைச்சர் வச்சிரதேவர் இதற்காகவே காத்திருந்தார். இந்த வேலை தன் மைத்துனனுக்குக் கிடைக்கவில்லையே என்று அவருக்கு வயிற்றெரிச்சல். "அரச ஆணையைவிடக் கண்ணாடி பெரிதோ?" என்று மெல்ல ஊதிவிட்டார்.

மன்னரின் மீசை துடித்தது. "இப்போதே திற! வெடித்தால் நீ வேலை தெரியாதவன். பெண்டாட்டி பிள்ளைகளோடு நாட்டை விட்டே போய்விடு!"

காடன் சூளையை நோக்கி நடந்தான். அப்போது அரசவையின் வாய்த்துடுக்குக்காரன் பூதுகன் முன்னால் வந்து கும்பிட்டான்.

"தாராளமாகத் திறக்கலாம் அரசே. ஆனால் மெய்க்கீர்த்தி படிக்கவில்லையே?"

"அதற்கென்ன இப்போது?"

"புதிதாக எதைத் திறந்தாலும், தங்கள் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும் என்று ஆணையிட்டவர் தாங்கள். இந்தப் புலவர்களோ எட்டு வரி படித்துவிட்டு மிச்சத்தை விழுங்கிவிடுகிறார்கள். அரச ஆணையைவிட எதுவும் பெரிதில்லை என்று அமைச்சரே இப்போது சொன்னாரே!"

வச்சிரதேவர் குறுக்கிடப் பார்த்தார், மன்னர் கையமர்த்தினார்.

"சரி, முழுதும் படியுங்கள்" என்றார் மன்னர். புகழைக் கேட்க யாருக்குக் கசக்கும்?

பந்தல் போட்டார்கள். புலவர்கள் முறைவைத்துப் படித்தார்கள். வென்ற போர்கள், வெட்டிய குளங்கள், அடக்கிய யானைகள், அந்த யானைகளின் பெயர்கள்... மன்னரோ தலையை ஆட்டி ஆட்டி, "அந்த வரியை இன்னொரு முறை!" என்பார். பொழுது சாய்ந்ததும் நிறுத்தினார்கள், விடிந்ததும் தொடர்ந்தார்கள். வச்சிரதேவர் கொட்டாவியை மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மாலை கடைசி வரி முடிந்தது. சூளையும் ஆறிவிட்டது.

காடன் திறந்தான். சக்கரத்தின் விளிம்பெங்கும் கண்ணாடித் துளிகள், இதோ விழப்போகிறோம் என்பதுபோல் தொங்கின. ஒன்றில்கூட விரிசல் இல்லை. மன்னர் தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துக் காடனுக்குப் போர்த்தினார். காடன் அழுதேவிட்டான்.

"மூன்று நாள் ஆகும் என்றானே, அதற்குள் ஆறிவிட்டதா?" என்று கேட்ட மன்னர், சட்டென்று பூதுகனைத் திரும்பிப் பார்த்தார். "அடேய்! என்னையே காக்க வைத்துவிட்டாயே! நேரம் போனதே தெரியவில்லை. கேள், உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"அந்த மூன்று நாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் அரசே. தங்களுக்கு அது பறந்துவிட்டது. கூடவே உட்கார்ந்து கேட்ட எங்களுக்குத்தான் தெரியும், காலம் எவ்வளவு நீளம் என்று!"

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் முதல் செழுவூரில் மெய்க்கீர்த்தி நாலே வரிதான். அதற்கு முதலில் கைதட்டியவர் வச்சிரதேவராம்.