இலையின் இடப்பக்கம்

வாதம் வந்து விழுந்து எழுந்த பிறகு, சுவாமிக்குத் தில்லைவனம் என்பவர் இல்லாமல் போனார்.

கொள்ளிடக் கரையில் சுவாமியின் சின்ன மடம் அது. கண்டக்டர் வேலையை விட்டு, மனைவி மங்களத்திடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் வந்து சேர்ந்தவர் தில்லைவனம். சுவாமியைவிட இரண்டு வயது மூத்தவர். பன்னிரண்டு வருஷமாக அவர் இடம் சுவாமிக்கு இடப்பக்கம். நடந்தாலும் அங்கேதான், உட்கார்ந்தாலும் அங்கேதான்.

இப்போது அங்கே உட்கார்ந்து விசிறினால், காற்று நன்றாக வருகிறது என்கிறார் சுவாமி. தில்லைவனம் ஊருக்குப் போய்விட்டாரா என்று வலப்பக்கம் பார்த்துக் கேட்கிறார். இங்கேதான் இருக்கிறேன் என்றால், குரலைத் தேடி இன்னும் வலப்பக்கமே திரும்புகிறார்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கண்ணில் கோளாறு இல்லை என்றார். மூளையின் வலப் பாதியில் ரத்தம் ஓடாமல் ஓரிடம் பட்டுப்போயிருக்கிறது. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தோன்றாது. சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்று சொல்லிப் போனார்.

"அந்தப் பக்கம் போய் உட்காருமேன் ஓய்," என்றார் சமையற்கார வைத்தா. "சீட்டு மாறினால் டிக்கெட்டா செல்லாது?"

தில்லைவனம் நகரவில்லை. இத்தனை வருஷம் இருந்த இடத்தில் தெரியாதவன், இடம் மாறித் தெரிந்து என்ன என்று இருந்துவிட்டார். துணிமணியை மூட்டை கட்டி வைத்தார்.

மறுநாள் பந்தியில் சுவாமி பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கையை எடுத்தார். கூட்டு வைக்கவில்லையா என்று கேட்டார். வைத்தாவின் முகம் சுண்டிப்போயிற்று. மூன்று நாளாக இதே கேள்வி. கூட்டு இடப்பக்கம் ஆறிக்கொண்டிருந்தது.

தில்லைவனம் எழுந்து எதிரே வந்து குனிந்தார். இலையைப் பிடித்து மெல்லத் திருப்பினார். நுனி வலப்பக்கம் வரலாமா என்று வைத்தா முணுமுணுத்தார்.

சுவாமி இலையையே பார்த்தார்.

"இதெல்லாம் எங்கே இருந்தது?"

"இலையில்தான் சாமி. முதலிலிருந்தே இருந்தது."

"நீர்?"

"நானும்."

சுவாமி மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார். தில்லைவனம் மூட்டையோடு வலப்பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"உத்தரவு வாங்கிக்கொள்ள வந்தேன். போகுமுன் ஒன்று கேட்கிறேன். கண் தெரிகிறது, காது கேட்கிறது. அப்படியும் பக்கத்தில் இருக்கிற ஓர் ஆளை இல்லாமல் ஆக்கிவிட எப்படி முடிகிறது?"

சுவாமி இலையை மடித்தார்.

"நாம் ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போது அந்த மகிழமரம் எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். என் பக்கம்."

"நீர் வந்த புதிதில், அமாவாசைதோறும் அதன் அடியில் ஓர் அம்மாள் வந்து நிற்பார். கையில் மஞ்சள் பை இருக்கும். ஒரு நாள் பேர் கேட்டேன். மங்களம் என்றார். நீராகப் பார்ப்பீர் என்று இருந்தேன். மூன்று வருஷம் வந்தார். அப்புறம் வரவில்லை."

தில்லைவனத்தின் கை மூட்டையின் முடிச்சில் இருந்தது.

"எனக்கு மூளையில் ஓரிடம் பட்டுப்போனதால் முடிந்தது," என்றார் சுவாமி. "உமக்கு எப்படி முடிந்தது?"