மன்னர் நீந்திய தண்ணீர்

முன்னொரு காலத்தில், ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தால் மற்றவர்களுக்குத் தூக்கம் போய்விடுகிற காலத்தில், ஆற்றங்கரைத் தலைநகர் ஒன்றில் செண்டுவராயர் என்றொரு மன்னர் இருந்தார். எந்த நாடு, என்ன ஆறு என்று குறுக்கே கேட்காதீர்கள். மேற்கே மலையில் பிறந்து கிழக்கே கடலில் விழுகிற ஆறு, அவ்வளவுதான். உங்கள் ஊர் ஆறு என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன!

அன்று ஆடிப் பதினெட்டு. புதுவெள்ளம் நுரைத்துக்கொண்டு ஓடியது. பெண்கள் மஞ்சள் சரடு கட்டிக்கொண்டு காதோலை கருகமணியை ஆற்றில் விட்டார்கள். ஊரே கரையில் உட்கார்ந்து சித்திரான்னம் சாப்பிட்டது. மன்னர் மட்டும் எதையும் தொடாமல், படித்துறையின் ஏழாம் படியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்ற விகடகவி ஆவுடைநம்பியிடம் சொன்னார்: "நம்பி, எட்டு வயதில் இதே படியில்தான் என் தாயார் எனக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தார். வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுத்திருந்தார். அந்தக் கையை எப்போது எடுத்தார் என்றே தெரியவில்லை. திரும்பிப் பார்க்கிறேன், கரையில் நின்று சிரிக்கிறார். படி இருக்கிறது, துறை இருக்கிறது. அன்று ஓடிய தண்ணீர் எங்கே போயிற்று? அதில் இன்னொரு முறை கை நனைக்க வேண்டும் போலிருக்கிறது."

சொல்லும்போதே ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தாயார் காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. கேட்ட நம்பிக்கும் மனசு கனத்தது.

கனக்காத மனசு ஒன்றும் அங்கே இருந்தது. பொக்கிஷ அதிகாரி நல்லபெருமாள்! நம்பி பேசிச் சபை சிரித்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

"மகாராஜா, இதற்கா கலக்கம்? நம்பியின் புத்திக்கு எட்டாததும் உண்டா? கடலுக்குப் போன அந்தத் தண்ணீரையே திரும்பக் கொண்டுவர உத்தரவிடுங்கள். முடியாவிட்டால் அவர் இந்த நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார்.

ஏக்கத்தில் இருக்கிறவர் யோசிப்பாரா? "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார் மன்னர்.

நம்பி கைகட்டி நின்றான். "உத்தரவு மகாராஜா. ஆனால் வெகுதூரம் போன தண்ணீர். ஐப்பசி வரை தவணை வேண்டும். கடலிலிருந்து அது மலைக்குத் திரும்பும். அங்கே தாங்களே வந்து எதிர்கொண்டு அழைக்க வேண்டும்."

"தண்ணீர் மலை ஏறுமாம்!" என்று நல்லபெருமாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வீட்டில் நம்பியின் மனைவி கோமளம் சிரிக்கவில்லை. அவள் பிள்ளைத்தாய்ச்சி. "ஐப்பசியிலதான் எனக்கு மாசம்னு தெரியாதா உங்களுக்கு? பச்ச உடம்போட, கைப்பிள்ளைய தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலையணுமா? அந்த வாய்க்கு ஒரு பூட்டு போட்டா என்ன?"

"பொறு கோமளம். நம்ம பிள்ள இந்த ஆத்துத் தண்ணியிலதான் குளிக்கும்" என்றான் நம்பி.

ஐப்பசி வந்தது. மன்னர் பரிவாரத்தோடு ஆற்றோரமாகவே மேற்கே புறப்பட்டார். முதல் நாள் ஆறு அகலமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள், புளியங்காட்டு ஓடை, நரிப்பள்ளத்து ஓடை, மூன்று காட்டாறுகள் என்று ஒவ்வொன்றும் வந்து கலக்கிற இடத்தைத் தாண்டத் தாண்ட, ஆறு இளைத்துக்கொண்டே போயிற்று.

"பார்த்தீர்களா மகாராஜா? இந்தச் சரிவுகளில் எந்தக் குடியானவன் கூரையில் விழுந்து ஓடுகிற துளியும் தங்கள் படித்துறையைத் தொட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போகும்" என்றான் நம்பி.

மூன்றாம் நாள் மலைப்பாதையில் பல்லக்கு ஏறவில்லை. நல்லபெருமாள் மூச்சு வாங்க நடந்தார். உச்சியில் பாசி படிந்த ஒரு பாறை சொட்டிக்கொண்டிருந்தது.

"இதுதான் ஆறு" என்றான் நம்பி.

"இவ்வளவுதானா!" மன்னர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். "இதற்கு மேலே?"

"மேலே ஆறு இல்லை. வரவேண்டியது அங்கிருந்து" என்று கிழக்கே கையைக் காட்டினான்.

கடல் பக்கமிருந்து கருமேகம் கிளம்பியிருந்தது. வயல்களைக் கடந்து, தலைநகரைக் கடந்து, அவர்கள் மூன்று நாளாக நடந்த வழியிலேயே வந்து மலையில் முட்டியது. கொட்டித் தீர்த்தது மழை.

"கடலுக்குப் போனது திரும்பிவிட்டது மகாராஜா. கை நனையுங்கள்."

"நில்லுங்கள்!" நல்லபெருமாள் கைதட்டி ஆள் அழைத்தார். ஒரு சேவகன் பட்டு மூடிய வெள்ளித்தட்டோடு வந்தான். தட்டில் ஒரு செம்பு. "மகாராஜா முதன்முதல் நீந்திய அன்று, ராஜமாதா அந்த நீரை மொண்டு, வாயைத் துணியால் கட்டி, முடிச்சில் அரக்கு முத்திரை இட்டுப் பொக்கிஷத்தில் வைத்தார்கள். அசல் தண்ணீர் இதோ! இரண்டையும் அருந்திப் பாருங்கள். நம்பியின் குட்டு வெளிப்படும்."

அடப்பாவி மனிதா! படித்துறையில் ராஜா ஏங்கியபோதே இதைக் கொடுத்திருக்கலாமே. நம்பியைக் கவிழ்ப்பதற்காக மூன்று மாதம் மூடி வைத்திருந்தார்.

மன்னர் முத்திரையை உடைத்துத் துணியை அவிழ்த்தார். செம்பைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே வெள்ளையாய் ஒரு கறைதான் இருந்தது.

முத்திரை இட்ட பாத்திரத்தை யாரும் கையால் தூக்கக் கூடாது, தட்டோடுதான் எடுக்க வேண்டும் என்பது அந்தப் பொக்கிஷத்து வழக்கம். வருஷா வருஷம் மேலே மூடிய பட்டுத்துணியை மாற்றினார்கள். செம்பு கனக்கிறதா என்று ஒருவரும் பார்த்ததில்லை.

"என் அம்மா வைத்த தண்ணீர் எங்கே?" என்று கேட்டார் மன்னர்.

நல்லபெருமாளுக்கு முகம் வெளுத்தது. "முத்திரை... முத்திரை அப்படியேதான் இருந்தது மகாராஜா! யாரும் தொடவில்லை!"

"அவர் சொல்வது சத்தியம்" என்றான் நம்பி. "யாரும் திருடவில்லை, சிந்தவும் இல்லை. அதுவாகவே ஆவியாகி மேலே கிளம்பிவிட்டது. அரக்கு முத்திரைக்குள்ளிருந்தே கிளம்பிய தண்ணீருக்குக் கடலிலிருந்து மலை ஏறத் தெரியாதா, நல்லபெருமாள் அவர்களே?"

காலிச் செம்பை வாங்கிப் பாறை விளிம்பில் கொட்டிய மழைநீரில் பிடித்தான். நிரம்பி வழிந்தது.

மன்னர் அதற்குள் விரல்களை விட்டார். "இதில் அம்மா மொண்டது எவ்வளவு இருக்கும் நம்பி?"

"ஒரு துளியாவது வராமலா போகும் மகாராஜா?"

"ஒரு துளி போதும்" என்றார் மன்னர். பிறகு சிரித்தார். அழுகிறாரா என்று மழையில் யாருக்கும் தெரியவில்லை. "நல்லபெருமாள்! இனித் தட்டு வேண்டாம். மலை இறங்கும் வரை இந்தச் செம்பை உம் கையிலேயே கொண்டுவாரும். சிந்தக் கூடாது!"

ஊர் திரும்பியபோது கோமளத்துக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. மன்னர் நம்பியின் வீட்டுக்கே நடந்து போனார். ஆற்றங்கரைத் தோப்பு ஒன்றை நம்பிக்குக் கொடுத்தார். குழந்தையைக் குளிப்பாட்ட அந்தச் செம்புத் தண்ணீரையும் கொடுத்தார். குளிப்பாட்டிய நீர் கொல்லை வழியாக வழிந்து ஆற்றில் கலந்ததை மன்னர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நம்பி, இது எப்போது திரும்பி வரும்?"

உள்ளேயிருந்து கோமளம் குரல் கொடுத்தாள்: "மறுபடியும் அதைக் கூட்டியார இவரை அனுப்பாதீங்க மகாராஜா! அதுக்கு வழி தெரியும், அதுவே வரும்!"

ராஜா சிரித்த சிரிப்பு அக்கரை வரைக்கும் கேட்டதாம்.