எந்த இடத்தில் புரியவில்லை?

பாபநாசம் மலையடிவாரத்தில் ஒரு சாமியாரின் சிறிய மடம். ஒருநாள் காலை பிறவிப்பெருமாள் அங்கே வந்து சாமியின் காலில் விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. சாமிதான் தூக்கி உட்காரவைத்தார்.

பிறவிப்பெருமாள் பஸ் டிப்போ மேலாளர். அவர் இருமினால் டிரைவர்கள் நிமிர்ந்து நிற்பார்கள். நிமிராதவன் ஒருத்தன்தான், மகன் மகராஜன். பதினொன்றாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வில் கணக்கு, இயற்பியல் இரண்டிலும் கோட்டை விட்டிருந்தான். அரையாண்டிலும் இப்படியே என்றால் டி.சி.யை வாங்கிக்கொண்டு போய்விடுங்கள் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

அப்பா செய்யாத வைத்தியமில்லை. செல்போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினார். டியூஷன் மேல் டியூஷன் வைத்தார். வல்லாரைத் துவையல் ஊட்டினார். விடியுமுன் எழுப்பிப் படிக்கவைத்து, எதிரே நாற்காலி போட்டுக் காவலிருந்தார். பாதி நாள் காவல்காரர்தான் தூங்கினார். இப்போதெல்லாம் அப்பா வந்தாலே பையன் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்துபோய்விடுகிறான்.

இதையெல்லாம் சொல்லி அழுதுவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினார். மந்திரித்துத் தரவேண்டுமாம்.

சாமி பேனாவை வாங்கி உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார். நன்றாகவே எழுதியது. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“பேனாவுல கோளாறு இல்ல. பையனுக்கு எந்த இடத்துல புரியலையாம்?”

பிறவிப்பெருமாள் அதைக் கேட்டதே இல்லை.

“கேட்டுட்டு வாரும்.”

அடுத்த வாரமே வந்தார். கேட்டுவிட்டதாகவும், எல்லாம் புரிகிறது என்று பையன் சொல்வதாகவும் சொன்னார்.

“எப்படிக் கேட்டீரு?”

கேட்டபடியே செய்து காட்டினார். மூலையில் படுத்திருந்த பூனை எழுந்து ஓடிவிட்டது.

“இன்னொரு தடவை கேளும். பக்கத்துல உக்காந்து கேளும்.”

அப்புறம் வெகுநாள் ஆளையே காணவில்லை. தை பிறந்த பிறகு ஒருநாள் வந்தார். முகத்தில் ஏதோ ஒரு வெட்கம். பையன் அரையாண்டுக் கணக்கில் முப்பத்தாறு வாங்கித் தேறிவிட்டான்; இயற்பியல் இன்னும் ஆற்றோடுதான் போகிறது; ஆனாலும் டி.சி. பேச்சை ஆண்டு முடியும் வரை தள்ளிவைத்துவிட்டார்கள் என்றார்.

நடந்தது என்னவென்று சாமி கேட்டார்.

அன்று தரையில் பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். அவன் சுவரைப் பார்த்தபடி சொன்னானாம்: மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் எப்படி பிளஸ் வரும்? ஏழாம் வகுப்பில் எல்லோரும் தலையாட்டினார்கள், அவனும் ஆட்டினான். அதற்கப்புறம் ஆட்டிக்கொண்டேதான் வந்திருக்கிறான்.

“கை ஓங்கத்தான் வந்துச்சு சாமி. ஆனா எனக்கும் அது தெரியாதே.”

இரண்டு பேருமாகக் கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் போனார்கள். சந்தேகம் தனக்குத்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். வாத்தியார் மேலும் கீழும் பார்த்துவிட்டு விளக்கினார். பையனுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. அப்பாவுக்குப் பிடிபடவில்லை.

பிறவிப்பெருமாள் தலையைச் சொறிந்தார்.

“தினமும் சாப்பிட்டதும் அவன்தான் எனக்குச் சொல்லித் தாரான். ‘இதுகூடவா தெரியல’ன்னு சிரிக்கான். அப்படியே அடுத்த கணக்கையும் போட்டுக் காட்டுதான். எனக்குத்தான் இன்னும் புரியல சாமி. என்ன செய்ய?”

சாமி எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

“முழுப்பரீட்சை முடியுத வரைக்கும் புரிஞ்சுக்கிடாதேயும்.”