விழிக்க அரை நொடி

ஒரு மாற்றத்தைப் படித்து முடித்துவிட்டோம் என்று எப்போது சொல்லலாம் என்று பூதலிங்கம் கேட்டார்.

"ஏன், முடிச்சாச்சா?" என்றார் ஸெலின்.

"முடிச்சாச்சு டீச்சர். அதான் கேக்கேன்."

நாகர்கோவிலில் ஒரு டயர் கடையின் மாடியில் அந்த இருவரும் செய்துகொண்டிருந்த வேலையை ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் கர்னல் என்று ஒன்று ஓடுகிறது. அதில் ஒலிச் சிப்பை ஆட்டிவைக்கும் பகுதிக்கு டிரைவர் என்று பெயர். எங்கெங்கோ இருந்து யார் யாரோ அதைத் திருத்தி அனுப்புவார்கள். வந்ததை வரிவரியாகப் படித்துச் சேர்க்கலாமா, கூடாதா என்று சொல்வது ஸெலினின் பொறுப்பு. சேர்த்துவிட்டால் அது கண்காணாத இயந்திரங்களுக்கெல்லாம் போய்விடும்.

பூதலிங்கம் ஸெலினைவிட வயதில் நன்றாகவே மூத்தவர். ஸ்பீக்கர் கம்பெனியில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு இங்கே மாணவராக வந்து உட்கார்ந்தவர். தனக்குப் பாம்புக் காது என்பதில் அவருக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. நியாயமான மண்டைக்கனம்தான். அன்றைக்கு முதன்முறையாக முடிவை அவரிடமே விட்டிருந்தார் ஸெலின். அவர் சரி என்றால் சரி.

சிப் தயாரிக்கும் கம்பெனியிலிருந்து மிதுன் என்ற பொறியாளர் அனுப்பிய மாற்றம் அது. ஒலி எதுவும் இல்லாதபோது அது சிப்பைத் தூங்கவைக்கும். ஒலி வந்தால் எழுப்பும். பேட்டரி மிச்சம். கர்னலின் இந்த வெளியீட்டில் சேர அன்று மாலைதான் கெடு என்பதால் மிதுன் காலையிலிருந்து போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

"எப்படிப் பாத்தீங்க அண்ணாச்சி?"

"ஒரு வரி விடாமப் படிச்சேன். பாட்டுப் போட்டுக் கேட்டேன், படம் ஓடவிட்டுக் கேட்டேன். ஒரு கரகரப்பு கிடையாது."

"தூங்குனது எழும்ப எவ்வளவு நேரம் எடுக்கு?"

"அரை நொடி. பாட்டுல அரை நொடி போனா எவனுக்குத் தெரியும்? ஆனா எத்தனை லட்சம் பேருக்குப் பேட்டரி மிச்சம்!"

"அப்ப ஒப்புதல் எழுதி அனுப்பிருங்க. நான் சேத்துருதேன்."

பூதலிங்கத்துக்குச் சந்தோஷம் பொங்கியது. கையைக் கீபோர்டில் வைத்தார். ஸெலின் எழுந்து வந்து மானிட்டரை அணைத்தார்.

"கண்ணையும் மூடிக்கிடுங்க."

"என்ன டீச்சர், கண்ணாமூச்சியா?"

"ஆமா. ஆனா கண்ணத் திறக்காம ஒப்புதல் மெயில் போய்ச் சேரணும்."

திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் நிரல் ஒன்று உண்டு. கண் தெரியாதவர்கள் அதை வைத்துத்தான் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார்கள். எந்த விசையை அழுத்தினாலும் உடனே அதன் பெயரைச் சொல்லும். ஸெலின் அதை ஓடவிட்டார். டிரைவர் இன்னும் பழையதுதான்.

பூதலிங்கம் கண்ணை மூடி, தடவித் தடவித் தன் பெயரை அடித்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் குரல் பதில் சொன்னது. தப்பினால் தப்பு என்று தெரிந்தது, அழித்துத் திருத்தினார். பெயர் முழுசாக வந்ததும் குழந்தை மாதிரிச் சிரித்தார்.

"இப்பப் புதுசு," என்று மிதுனின் மாற்றத்தை ஏற்றினார் ஸெலின்.

பூதலிங்கம் ஒரு விசையை அழுத்தினார். சத்தமில்லை. அடுத்ததைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தினார். அதற்கும் சத்தமில்லை. எரிச்சலில் நாலைந்து விசைகளைப் படபடவென்று தட்டினார். பின்பாதி எழுத்துகளை மட்டும் குரல் சொன்னது. தட்டியது என்ன என்று யோசிக்க நிறுத்தினார். மறுபடி அழுத்தியபோது மறுபடியும் அமைதி.

"வேகமா அடிச்சாப் பேசுது," என்றார். "தயங்குனா தூங்கிருது. எழும்புறதுக்குள்ள எழுத்து போயிருது."

"மெயில அனுப்புங்க அண்ணாச்சி."

அவர் எதையோ அழுத்தினார். ஏதோ ஒரு கேள்வி வந்தது. சிப் எழும்புவதற்குள் கேள்வி போய்விட்டது, "ஆம், இல்லை" மட்டும் காதில் விழுந்தது. அனுப்பவா என்று கேட்டதா, அழிக்கவா என்று கேட்டதா, தெரியவில்லை. விரல் விசைக்கு மேலே அப்படியே நின்றது. அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

"திரையைப் போடுங்க டீச்சர்."

ஸெலின் போடவில்லை. பூதலிங்கம் தானாகவே கண்ணைத் திறந்துகொண்டார்.

"முன்னமே தெரியும்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா பேட்டரிக் கணக்கு சொல்லியிருப்பீங்க."

அப்போது போன் அடித்தது. மிதுன்தான். பூதலிங்கம் ஸெலினைப் பார்த்தார்.

"முடிவு உங்களுது," என்றார் ஸெலின்.

பூதலிங்கம் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், ஒப்புதல் போட்டுட்டீங்களா?"

"இல்ல தம்பி. சேக்க முடியாது." நடந்ததைச் சொன்னார். "திரை வாசிக்கிற நிரல் ஓடும்போது சிப் தூங்கக் கூடாது. அதைச் சரிபண்ணி அனுப்புங்க, அன்னைக்கே படிக்கேன்."

"சார், இன்னைக்கு விட்டா இந்த வெளியீடு போச்சு. இப்ப சேத்துருங்க, அடுத்ததுல சரிபண்ணிடுறோம்."

"அதுவரைக்கும் கண் தெரியாதவங்க என்ன செய்வாங்க?"

மிதுனுக்குப் பின்னால் யாரோ அவனை அவசரப்படுத்துவது கேட்டது.

"சரி சார், மேல கேப்பாங்க. மொத்தம் எத்தனை பேருக்கு இந்தப் பிரச்சனை? ஒரு நம்பர் குடுங்க."

பூதலிங்கத்திடம் அப்படி ஒரு நம்பர் இல்லை. யாரிடமும் இருக்காது. போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"எத்தனை பேருன்னு கேக்கான் டீச்சர். என்ன சொல்ல?"

"ஒருத்தருக்குன்னு சொல்லுங்க," என்றார் ஸெலின். "யாருன்னு கேட்டா உங்க பேரச் சொல்லுங்க."